பத்து மணி இண்டர்காம்

எங்கள் இரும்புலியூர் குடியிருப்பின் மேனேஜர் குமரேசன், அபார்ட்மென்ட் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வில் தேறிவிட்டார். இன்று மாலை ஒரு படிவத்துடன் வந்தார்.

"தனியா இருக்கிற பெரியவங்களை தினமும் காலைல பத்து மணிக்கு இண்டர்காம்ல கூப்பிட்டு விசாரிக்கணும்னு கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க மேடம்."

என்னை யாரும் கண்காணிக்க வேண்டியதில்லை. "அந்த லிஸ்ட்ல என் பேரை எழுதாதீங்க" என்றேன்.

"எழுதலை மேடம். உங்க வீட்ல ரெண்டு பேர்னுதான் போட்டிருக்கேன். ஒரு கையெழுத்து போடுங்க."

என் கணவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன என்றேன். குமரேசன் வேலைக்குச் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான்.

அவர் படிவத்தில் என் வீட்டு எண்ணை விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"ஒரு வாரமா கூப்பிடறேன் மேடம். சார்தான் எடுக்கறார். 'அவ லைப்ரரிக்குப் போயிருக்கா, நாங்க நல்லா இருக்கோம்'னு சொல்றார்."

பத்து மணிக்கு நான் நூலகத்தில்தான் இருப்பேன். வீடு பூட்டியிருக்கும். சாவி என்னிடம் மட்டுமே உண்டு.

படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். நாளை காலை கொடுக்க வேண்டும். தவறான தகவலுக்குக் கீழே நான் இதுவரை கையெழுத்திட்டதில்லை.

உயிரோடு இருந்தவரை, எத்தனை முறை சொன்னாலும் அந்த இண்டர்காமை எடுக்காத மனிதர். இப்போது தினமும் எடுக்கிறாராம்.

நீங்களே சொல்லுங்கள், ஒன்றா, இரண்டா?