காய்ச்சல் விட்ட பிறகு

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவது என் வேலையில் பாதிதான். விடிந்ததும் ஆளெடுக்கும் பெரட்டுக்கு யார் போகலாம், யார் படுத்திருக்கலாம் என்று சொல்வது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில்தான் நான் ஓய்ந்துபோனேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு துரை பர்லியார் பக்கம் வேட்டைக்குப் போனார். சிறுத்தை அகப்படவில்லை, கொசு அகப்பட்டது. குளிர்காய்ச்சல் விட்ட பிறகும் பங்களா வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூப் குடித்தபடி சாய்ந்திருந்தார். வைத்தியம் பார்க்க வந்த வெள்ளைக்கார டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்: கான்வலசென்ஸ். நோய் போய்விட்டது, பலம் இன்னும் வரவில்லை. நடுவில் உடம்பு கேட்கிற ஓய்வு. அந்த ஓய்வு வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதற்கு இத்தனை மரியாதையான சொல் உண்டு என்பதுதான் புதிது. எங்கள் மருந்தகத்தில் காய்ச்சல் உண்டு, காய்ச்சல் இல்லை, அவ்வளவே.

அதே வாரம் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்திக்கும் காய்ச்சல் விட்டது. அவளும் பர்லியாரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் அதை வாங்கி வந்தவள்தான். நின்றால் கால் நடுங்கியது.

"ஏனுங்க, இன்னும் நாலு நாளு ஊட்டுல கெடக்க உடுங்க. கூடையத் தூக்குனா உழுந்துருவனுங்க" என்றாள்.

காய்ச்சல் இருந்தால் நானே படுக்கச் சொல்லலாம்; விட்ட பிறகு ஓய்வு கொடுக்கும் அதிகாரம் துரைக்குத்தான். அவளையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். அவளைப் படியருகே விட்டுவிட்டு, துரையைப் போலவே இவளும் கான்வலசென்ஸில் இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கான்வலசென்ஸை எந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று காட்டி, என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கூலிகளைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்வது வழக்கமில்லை என்று பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் விட்டதா, வேலைக்கு வரட்டும் என்றார். என் ஆங்கிலம் தேறிவருகிறது என்று பாராட்டும் கிடைத்தது. "தேங்க்யூ சார்" என்று சொல்லித் தொலைத்தேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் படியிறங்கியதும் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தொரை இத்தன நேரஞ் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாருங்களே, எத்தன நாளுங்க குடுத்தாரு?"

"நாளைக்கு வெடியால பெரட்டுக்கு வந்துரும்மா" என்றேன்.