ரெண்டு குப்பி, ஒரே பேரு

எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தாலதான் ஒரு உசுரு போகப் பாத்துச்சு.

தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு வாக்கில ராஜபாளையத்துல ஒரு லேடி டாக்டர் கிளினிக்ல நான் லேப் டெக்னீசியன். லேப்னதும் பெருசா நினைச்சிராதீங்க. மாடிப்படிக்கு அடியில ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்டூல், பாதி நாள் குளிராத ஒரு பிரிட்ஜ். ரத்தம், ஒண்ணுக்கு, சளி எல்லாம் நானே பாத்துருவேன். சதைத் துண்டு எடுத்தா மட்டும் அழுகாம இருக்கப் பார்மலின் ஊத்தின குப்பியில போட்டு, வியாழக்கிழமை பஸ் ஏறி மதுரையில ஒரு பெரிய லேப்ல குடுத்துட்டு வரணும். அவங்கதான் அதை மெல்லிசாச் சீவி, சாயம் ஏத்திப் பாத்து, கேன்சரா இல்லையான்னு எழுதித் தருவாங்க.

காய்ச்சல்னு வர்ற பொம்பளைங்க பேரைச் சத்தமாச் சொல்லுவாங்க. வெள்ளைப்படுது, இடையில ரத்தம் படுதுன்னு வர்றவங்க மட்டும் ரிஜிஸ்டர் பக்கத்துல குனிஞ்சு, "தாயி, ஏதாச்சும் ஒரு பேரைப் போட்டுக்கோயேன்"னு கெஞ்சுவாங்க. கெஞ்சாம என்ன செய்வாங்க? ஊருக்குள்ள எல்லாரும் எல்லாருக்கும் ஒரு வழியில சொந்தம். எவளாச்சும் ரிஜிஸ்டரை எட்டிப் பாத்தா சாயங்காலம் குழாயடியில அதுதான் பேச்சு. அதனால அப்படிக் கேக்கிற எல்லாருக்கும் நான் ஒரே பேரைப் போட்டு வச்சேன். எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் தாயார் பேரு. தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேரு இருக்கும், யாரு சந்தேகப்படப் போறா? வயசு எல்லாருக்கும் நாப்பது. எது யாருதுன்னு என் தலைக்குள்ள இருக்கும்.

அப்படி இருக்கையில ஒரு நாள் கிணத்தடியில துணி துவைச்சுக்கிட்டிருந்த என் மதினி, அதாவது என் அண்ணன் பெஞ்சாதி, தலையைத் தூக்காமச் சொன்னாங்க: "ஏட்டி, உங்கண்ணன் பக்கத்துல வந்தாலே எனக்கு ரத்தம் படுது. ஆறு மாசமாச்சு."

ஆறு மாசம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அம்புட்டு நாளும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"ன்னு கத்திட்டேன்.

"மெல்லப் பேசு. அத்தை காதுல விழுந்தா என்னையப் பத்தி என்ன நினைப்பாக?"

மறுநாளே கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரு வெளிய வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் மதினி பஸ் ஏறினாங்க. அன்னைக்கு பெஞ்சுல இன்னொரு அம்மாவும் இருந்துச்சு. கூமாப்பட்டியில இருந்து தனியா வந்த சம்சாரி வீட்டு, அதாவது வெள்ளாமை பாக்கிற வீட்டுப் பொம்பளை. பயத்துல வாய் ஓயாமப் பேசுச்சு. வீட்டுப் பசு ரெட்டைக் கன்னு போட்டிருக்காம், ரெண்டும் கிடேரியாம், ஊரே வந்து பாத்துட்டுப் போகுதாம். அதுக்கும் மதினிக்கு உள்ள அதே தொந்தரவுதான். டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் துண்டு எடுத்தாங்க. ரெண்டு பேரும் பேரை மறைக்கச் சொன்னாங்க. ரெண்டு குப்பியிலயும் நான் தாயார் பேரை எழுதி, நாப்பதுன்னு போட்டேன். மதினி குப்பி அடையாளம் தெரியணும்னு கழுத்துல ஒரு பேண்டேஜ் துணிக் கிழிசலைக் கட்டினேன். எங்க பக்கம் தறிக்குத் தறி பேண்டேஜ் துணிதான் நெய்வாங்க, அதுக்கா பஞ்சம்?

அந்த வியாழக்கிழமை குப்பியைக் குடுத்துட்டு வந்தேன், அடுத்த வியாழக்கிழமை மதுரையில ரிப்போர்ட் ரெண்டையும் கையில குடுத்தாங்க. ஒண்ணுல, வெறும் நாள்பட்ட புண்ணு, கேன்சர் இல்லை. இன்னொண்ணுல அடினோகார்சினோமா. சுரப்பியில இருந்து கிளம்புற கேன்சர். ரெண்டுலயும் ஒரே பேரு, ஒரே வயசு.

"துணி கட்டியிருந்த குப்பி எதுங்க?"ன்னு கேட்டேன்.

"துணியா? அது ஊறி நாத்தமடிச்சுதும்மா, அவுத்துப் போட்டுட்டோம்"னு சொன்னாரு அங்க இருந்தவரு. அவரைச் சொல்லி என்ன குத்தம்? மனுசன் சுத்தமாத்தான் வேலை பாத்திருக்காரு.

பஸ்ல உக்காந்தேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, சொல்லித்தான் ஆகணும். திருமங்கலம் தாண்டுறதுக்குள்ள நல்ல பேப்பரை மதினிக்குன்னு முடிவு பண்ணிட்டேன். என் வீட்டு ஆளு, எனக்குச் சோறு போட்டவ. யாருக்குத் தெரியப் போகுது? பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள தனியா வச்சுட்டேன். கல்லுப்பட்டி வந்ததும் மடிச்ச பேப்பரைத் திரும்ப வெளிய எடுத்தேன். கேன்சர் மதினிக்கு இருந்தா? நல்ல பேப்பரைக் கையில குடுத்து நானே கொன்னுருவேனே! என்னை நிப்பாட்டுனது நல்ல புத்தி இல்லை, அந்தப் பயந்தான்.

டாக்டரம்மா வீட்டுல தெலுங்கு பேசுறவங்க. கோவம் வந்தா கிளினிக்லயும் தெலுங்கு வந்துரும். அன்னைக்கு முழுசும் தெலுங்குதான். எல்லாம் கேட்டுக்க வேண்டியதுதானே. செத்த நேரம் கழிச்சு அவங்க நோட்டை எடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வட்டம் போட்டு, எந்த இடத்துல துண்டு எடுத்தோம்னு அதுல புள்ளி வச்சிருந்தாங்க.

"கர்ப்பப்பை வாய்க்கு வெளிப்பக்கம் தோல் மாதிரி ஒரு போர்வை இருக்கும். உள்ளே போற பாதையில சுரப்பி. கேன்சர் பெரும்பாலும் அந்த வெளிப் போர்வையில இருந்துதான் வரும், நீயும் அந்த ரிப்போர்ட்டைத்தான் நிறையப் பாத்திருப்ப. இந்தச் சுரப்பி வகை உள்ளுக்குள்ள ஒளிஞ்சு வளரும். உன் மதினிக்கு நான் வெளி உதட்டுல கிள்ளினேன். அந்தம்மாவுக்கு வெளிய ஒண்ணும் தெரியல, உள்ளே சுரண்டித்தான் எடுத்தேன். அப்ப இது அந்தம்மாவோடதா இருக்கலாம்."

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அந்த நிமிசம் நான் சந்தோசப்பட்டேன். இன்னொருத்திக்குக் கேன்சர்னு கேட்டு சந்தோசப்பட்டேன். அதை இன்னைக்கு வரைக்கும் மறக்கல.

"இருக்கலாம்னு வச்சு யாருக்கும் வைத்தியம் பாக்க முடியாது. ரெண்டு பேரையும் திரும்பக் கூட்டிட்டு வா"ன்னாங்க டாக்டரம்மா.

மதினிகிட்ட நடந்ததைச் சொன்னதும் திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. மறுபடி துண்டு எடுக்கையில டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் ஒரு தப்பும் பண்ணலையேம்மா"ன்னாங்க. அதுதான் ஆறு மாசமா உள்ளே அரிச்சிருக்கு.

"தப்பு என்ன தப்பு? உனக்கு இருக்கிறது வெறும் புண்ணாத்தான் இருக்கும். கேன்சராவே இருந்தாலும் அதுக்குக் காரணம் ஒரு வைரஸ். கையில மரு வருதுல்ல, அந்த வகையறா. கல்யாணமான யாருக்கும் ஒட்டும், முக்காவாசிப் பேருக்குத் தானாப் போயிரும், சிலருக்கு மட்டும் உள்ளேயே உக்காந்துரும்னு இப்ப எழுதுறாங்க. ஒழுக்கத்தோட இதை முடிச்சுப் போடாத."

மதினி அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். அழுது முடிச்சுட்டு, "ஏட்டி, ஒரு காப்பி வாங்கிக் குடு"ன்னாங்க.

அந்த அம்மாவுக்கு என்ன வழி? ரிப்போர்ட் வாங்க வாறேன்னு சொன்ன நாள்ல வரல. நிஜப் பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லை. தெரு தெரியாது, புருசன் பேரு தெரியாது. கூமாப்பட்டிங்கிற ஊர்ப்பேரு மட்டுந்தான் தெரியும். மறைச்சு மறைச்சு, கடைசியில எனக்கே மறைச்சு வச்சிருக்கேன்! ஞாயித்துக்கிழமை வத்திராயிருப்பு பஸ் பிடிச்சு, அங்க இருந்து இன்னொரு பஸ் மாறி, கூமாப்பட்டியில இறங்கி முழிச்சுக்கிட்டு நின்னேன். லேடி டாக்டரைப் பாக்க வந்த பொம்பளை யாருன்னு கேட்டா அதோட அந்தம்மா மானம் சந்திக்கு வந்துரும். அப்பத்தான் கன்னுக்குட்டி ஞாபகம் வந்துச்சு. டீக்கடையில போயி, "ரெட்டைக் கன்னு போட்ட பசு யாரு வீட்டுலங்க?"ன்னு கேட்டேன். நாலு கை ஒரே திக்கைக் காட்டுச்சு.

வாசல்ல என்னையக் கண்டதும் அந்தம்மா முகம் வெளுத்துப் போச்சு. புருசன் கட்டில்ல உக்காந்திருந்தாரு. "கன்னு பாக்க வந்தேன்"னேன். அவரு நிஜமாவே வியாபாரம்னு நம்பி, கன்னோட பல்லு, சுழி, தாய்ப்பசுவோட பெருமை எல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. நானும் சுழியைப் பாத்து தலையாட்டினேன். அவரு தண்ணி கொண்டாரேன்னு உள்ள போனதும், பசுவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அந்தம்மாகிட்ட ஒரே மூச்சுல சொன்னேன்: "உங்களுக்கு இருக்கும்னு சந்தேகப்படுறோம். சின்னதாத்தான் இருக்கும். நாளைக்கே வாங்க. வரலேன்னா நான் நாளைக்கும் கன்னு பாக்க வந்துருவேன்."

அந்தம்மா கன்னு முதுகைத் தடவிக்கிட்டே நின்னுச்சு. பொறவு, "பயத்துலதான் தாயி வரல. வாரேன்"னுச்சு.

இந்தத் தடவை ரெண்டு குப்பியிலயும் அவங்கவங்க சொந்தப் பேரைக் கொட்டை எழுத்துல எழுதினேன். கேட்டுட்டுத்தான் எழுதினேன். மதினிக்கு வெறும் புண்ணு. மாத்திரையிலயும் மருந்துலயும் ஆறிப்போச்சு. அந்தம்மாவுக்குச் சுரப்பி வகைதான். ஆனா சின்னது, எங்கேயும் பரவல. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. நான் அங்க பாக்கப் போனப்ப துணைக்கு இருந்த புருசன் என்னையப் பாத்து, "கன்னு பாக்க வந்தது நீதானே?"ன்னு கேட்டுட்டு, முறைக்கிறதா சிரிக்கிறதான்னு தெரியாம நின்னாரு. நான் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டேன். அம்புட்டு நாள் அடைச்சு வச்சிருந்தது.

இப்ப என் அண்ணன் மக இதே கேன்சரைப் பத்திப் படிக்கா. ஒரே வைரஸ்தான் ரெண்டு வகையையும் உண்டாக்குதாம். அதுல நம்பர் போட்டுப் பல வகை இருக்காம், சில நம்பர் மட்டும் சுரப்பி வகையில அதிகமாத் தென்படுதாம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எல்லா ஜீனும் இருக்கு அத்தை, அதுல எது சத்தமாப் பேசுது, எது வாயை மூடிக்கிட்டு இருக்குன்னு பாத்தே எந்த வகைன்னு பிரிச்சுருவோம்ங்கா. நான் கேட்டுக்கிட்டேன். எனக்கு அன்னைக்கு அதைப் பிரிச்சுக் குடுத்தது டாக்டரம்மா வட்டத்துல வச்ச ஒரு பேனாப் புள்ளி.

அந்த ஆபரேசன் முடிஞ்சு ஆறேழு வருசம் கழிச்சு, ஒரு நாள் காலையில கிளினிக் ஹால் நிறைஞ்சு வழியுது. குனிஞ்சு எழுதிக்கிட்டே, "பேரு?"ன்னேன். நிமிந்து பாத்தா கூமாப்பட்டி அம்மா. கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு. சக்கரை இருக்கான்னு பாக்க வந்திருக்கு.

பழக்கதோசம், நான் குரலைத் தாழ்த்தி, "என்ன பேரு போடட்டும்?"னு கேட்டேன்.

"எம் பேரையே போடு. சாமி பேரு வேணாம்"னுச்சு. பேரு, புருசன் பேரு, ஊரு, தெரு எல்லாத்தையும் ஹாலே திரும்பிப் பாக்கிற மாதிரி சொல்லுச்சு. எழுதினேன். அதுக்குப் படிக்கத் தெரியாது. அதனால, "எழுதினதை வாசி, கேப்போம்"னுச்சு. நான் சத்தமா வாசிச்சேன். பெஞ்சுல இருந்த ஒரு கிழவி, "யாருத்தா அது?"ன்னு எட்டிப் பாத்துச்சு.

"நான்தான்"னு கையைத் தூக்கிக் காட்டுச்சு அந்தம்மா.