நாலாவது தேசிக்காய்

திறந்த சில்லுப் பந்தயக் காருக்குப் பின்னுக்குப் போகத் தெரியாது. இதை என் கணவர் எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். சோறு பிசைந்துகொண்டு, குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, கோயில் மண்டபத்தில் தேவாரத்துக்கு நடுவில். நூறு தரமும் தலையாட்டினேன். ஒரு தரமும் காதில் ஏறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடல் கடந்து வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு. அவருக்கு ஹென்டர்சனில் ஒரு கராஜில் வேலை: அடிபட்ட கார்களின் தகரத்தை நிமிர்த்துவது. கிழமை முழுக்க ஊரார் நெளித்ததை நிமிர்த்துவார். சனிக்கிழமை வந்தால் முதலாளியின் ஸ்டொக் காரைப் பந்தய மண் தடத்துக்குக் கொண்டுபோய்த் தானே நெளிப்பார். இந்த மனிசனை என்ன செய்வது? திங்கட்கிழமை மறுபடி நிமிர்த்துவார். அலையைத் துவைத்துக் காயப்போடுகிற வேலை.

அந்த மண் தடத்தில் ஸ்டொக் கார் என்றால் இரும்புப் பன்றி. சுற்றிவர இரும்பு வேலி, முன்னால் இரும்புக் கொம்பு. முட்டினால் குற்றமில்லை, முட்டாமல் ஓடினால்தான் சனம் சலித்துக்கொள்ளும். மற்றது, திறந்த சில்லுக் கார், நாலு சில்லும் நண்டுக்கால்போல வெளியே விரிந்திருக்கும். ஒன்றின் சில்லு மற்றதின் சில்லில் ஏறினால் ஏறியவன் ஆகாயத்தில்.

பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், ஒருநாள் தெரியாமல் வாயைக் கொடுத்தார். "ரெண்டும் கார்தானேண்ணே? இதுல என்ன இருக்கு?"

போச்சு. என் சில்வர் டம்ளர்களெல்லாம் மேசைக்கு வந்தன. அவை ஸ்டொக் கார்கள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து முட்டைகளை எடுத்தார். அவை மற்றவை. முட்டையிலிருந்து டம்ளருக்கு விரலை ஓட்டினார்.

"அங்கயிருந்து இஞ்ச வாறவன் ஒதுங்கி ஒதுங்கி ஓடி அடிவாங்குவான். இஞ்சயிருந்து அங்க போறவனுக்குக் கை சும்மா இராது, பழக்கதோஷத்தில ஒரு தட்டுத் தட்டுவான். தட்டினால்..." தட்டிக் காட்டினார். மேசை விரிப்பில் மஞ்சள் கரு ஓடியது.

"ஆமா, இப்பப் புரியுது," என்றார் தம்பி. "அண்ணே டம்ளர்லேருந்து முட்டைக்கு மாறப் போறாரு."

துடைத்தது நான்.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நித்திரையிலும் என் தோளைப் பிடித்து வளைவெடுப்பார். அந்தக் கோடையில், திறந்த சில்லுக் கார் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு ஓட்டுநர் இல்லாமற் போய்விட்டது, இருந்தவருக்கு மணிக்கட்டு முறிவு. இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: ஒரு ஓட்டம் தருகிறேன். யாரையும் முட்டாமல் முதல் ஐந்துக்குள் வந்தால், கோடை முடியும்வரை இருக்கை உனக்கு.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டொக் காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைப்பது என் பொறுப்பு. கடைத் தேசிக்காய் யானை விலை. ஆகையால் பின்வளவு மரத்து லெமன், ஒவ்வொன்றும் பந்தளவு. ஏதாவது ஒன்று நழுவி உருண்டால் அவர் காரைப் பின்னுக்கு எடுத்து, நான் திரும்ப வைக்க, முன்னுக்கு வந்து நசிப்பார். எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கிழவர் தந்த ஓட்டத்தன்றைக்கும் வைத்தேன். வெயில் இன்னும் இறங்காத மாலை, மெதனோல் எரிபொருளின் மணம், கண் எரிச்சல். திறந்த சில்லுக் காரைத் தானாகக் கிளப்ப முடியாது. பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளவேண்டும், தள்ளுகிற வேகத்தில் இயந்திரம் பிடிக்கவேண்டும். வண்டி தள்ளியது. மூன்று லெமன் நசிந்தன. முன்சில்லு ஒன்று ஒடுக்கம், அதற்குக் கீழே இருந்த கொழுத்த லெமன் வழுக்கி உருண்டு, யாரோ ஒருவரின் சப்பாத்தடியில் போய் நின்றது.

"நில்லுங்கோ! ஒண்டு நசியேல்லை!"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பேச்சு எதையும் கேளாத மனிசன், அன்றைக்குக் கேட்டார். பிரேக்கை மிதித்தார். இயந்திரம் இன்னும் பிடிக்கவில்லை. கார் செத்த மாடுபோல நின்றது. மற்றக் கார்கள் தடத்தில் உறுமிக்கொண்டு வரிசைகட்டின. மறுபடி தள்ளிக் கிளப்புவதற்குள் கொடிக்காரர் கையை நீட்டிவிட்டார்: கடைசிக்குப் போ. இரண்டாவது வரிசையில் இருந்த இடம் போயிற்று.

ஓடினார். ஐயோ, எப்படி ஓடினார்! மண்ணைச் சீவிக்கொண்டு, ஒருவரையும் உரசாமல், ஊசிக்கண்ணால் நூல் போகிறமாதிரி ஒவ்வொருவராகக் கடந்தார். கடைசி வளைவில் ஆறாவதாக வந்தார். முன்னால் போனவனின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரம். ஸ்டொக் காரென்றால் ஒரு தட்டு, ஐந்தாமிடம். அவருடைய தலைக்கவசம் அந்தத் தட்டுக்காக முன்னுக்குச் சாய்ந்ததை நான் பார்த்தேன். பிறகு வேகத்தைக் குறைத்தார்.

கிழவர் கையைக் குலுக்கினார், வடிவாக ஓட்டினாய் என்றார். சொன்ன சொல் சொன்னதுதான். இருக்கை வேறொருவருக்குப் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத்தான் கோபம். யாரில் என்று தெரியாத கோபம்.

"ஏன் நிண்டனீங்கள்?"

"நீர்தானே நில்லுங்கோ எண்டனீர்."

"குப்பை வாளியை வெளியில வையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? அதைக் கேட்டனீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. சிக்னலில் சிவப்பு பச்சையாகியும் கொஞ்சநேரம் எடுக்காமலே இருந்தார். பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த சனிக்கிழமை பழையபடி இரும்புப் பன்றி. நான் லெமன் பிடுங்கவில்லை. இனி அந்த மரத்துப் பக்கமே போவதில்லை என்றிருந்தேன். அவரே நாலு கொண்டுவந்திருந்தார். குனிந்து, ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்றாக, தானே வைத்தார். ஏறி முன்னுக்கு எடுத்தார். பின்னுக்கு எடுத்தார். மறுபடி முன்னுக்கு. கராஜ்காரர்கள் விசிலடித்தார்கள். தோலும் சாறும் மண்ணும் ஒன்றாகிவிட்டன.

கம்பி வலைக்குள்ளிருந்து தலைக்கவசம் என் பக்கம் திரும்பியது.

"இவ்வளவு காணுமோ?"

"காணும், போங்கோ," என்றேன்.

அவர் இன்னொரு தரம் பின்னுக்கு எடுத்தார்.