இயற்கையோடு இயைந்த வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி

ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ விசிலடித்தார்கள். நீளமாக, அவசரமே இல்லாமல், ஆளை அடையாளம் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி.

என்னைப் போல வீட்டுக்குப் பிளான் வரைகிறவர்களுக்கு உள்ள ஒரே வசதி, வரைந்த வீட்டில் அவர்கள் படுத்துத் தூங்க வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்கு வெளியே, மலையைப் பார்க்க எனக்கு நானே ஒரு வீடு வரைந்து குடியேறி, அந்த வசதியையும் கெடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில். வீட்டில் நானும் பத்து மாசப் பாப்பாவும்தான். படுக்கையறையிலிருந்து தோட்டத்துக்குத் திறக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் தடை கூடாது என்று அதை வேண்டாம் என்றவள் நானேதான். கான்வென்ட் ஹாஸ்டலில் ஆறு வருஷம் சிஸ்டர் தாழ்ப்பாள் போட்ட கதவுகளுக்குள்ளே வளர்ந்தவளுக்குத் தாழ்ப்பாள் மேல் அப்படியொரு கோபம்.

என்னிடம் பிளான் கேட்டு வருகிறவர்களுக்கு நான் காட்டுகிற சாம்பிள் வீடும் இதுதான். தாழ்ப்பாள் மாட்டினால் கொள்கை போச்சு. மாட்டாவிட்டால் தூக்கம் போச்சு. தொழிலுக்காக வீறாப்புப் பேசி மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விசில்

அந்த விசிலுக்கு நான் செய்தது இதுதான்: பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துவிட்டது. மீதிக்கு ஆண்டாளைக் கூப்பிட்டேன். போலீஸ் நம்பரில் இரண்டு எண்ணை அழுத்திவிட்டு, விடியும்வரை மூன்றாவது எண்ணின் மேல் விரலை வைத்திருந்தேன்.

காலையில், வீட்டைக் கட்டின கொத்தனாரை வரவழைத்தேன். அவர் வராந்தாவில் நான் ஆசையாய் வைத்த துளைச் சுவருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு துளைகளை உள்ளங்கையால் பொத்தினார். விசில் நின்றது. எடுத்தார், கேட்டது. ஆடிக்காற்று. “காத்துக்கு வழி விடணும்னு ஒத்தக்கால்ல நின்னீக. அது போற வழியில பாடிட்டுப் போவுது. அதுக்குப் போயி போலீஸைக் கூப்பிடுவாகளா?” என்றார்.

வீட்டுக்குள் மாமரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு வீடு வரைந்தேன். மனையின் நடுவில் மாமரம். வெட்டக் கூடாது என்று வாதாடி, மரத்தைச் சுற்றி வீட்டை வளைத்துவிட்டேன். கூடத்திலிருந்து கை நீட்டினால் கிளை. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் எல்லாம் மரத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

காய் பிடித்ததும் குரங்குகள் வந்தன. முதலில் மாங்காய்க்கு, பிறகு சாமி ரூம் வாழைப்பழத்துக்கு. ஒன்று சாரின் மூக்குக்கண்ணாடியோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டதாம். ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாத்தியார் கோபப்படவில்லை. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த தாய்க்குரங்கைக் காட்டி, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: “இப்பல்லாம் அதுக எங்களைத்தான் விருந்தாளின்னு நினைக்குதுக.”

மலை பார்த்த கண்ணாடி

எங்கள் பக்கத்தில் மலை மேற்கே இருக்கிறது. சாயங்கால வெயிலும் மேற்கேதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஐந்து வருஷப் படிப்பு எனக்குப் போதவில்லை. கூமாப்பட்டியில் ஒரு விவசாயி வீட்டில், மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தேன். மலை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு மேல் சூரியனும் கூடவே வந்தது.

ஆறு மாசம் கழித்துப் போனால், கண்ணாடி தெரியாமல் தார்ப்பாய் தொங்குகிறது. வெயிலுக்கா என்று கேட்டேன். வெயிலைப் பொறுத்துக்கலாம், ராத்திரிதான் ஏலல என்றார் அந்த வீட்டம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, “விளக்கைப் போட்டா நமக்கு மலை தெரியாது தாயி. மலையில இருக்கிறதுக்கெல்லாம் நம்மளத் தெரியும்” என்றார். அன்றைக்கு வீடு திரும்பியதும்தான் அரிசி டிரம்மைப் படுக்கையறைக்கு நகர்த்தினேன். ராத்திரியில் தோட்டத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்க.

அரிசி டிரம்

போன ஞாயிற்றுக்கிழமை மகாராஜபுரத்திலிருந்து ஒரு அக்கா வீடு பார்க்க வந்தார். இடுப்பில் கைக்குழந்தை. வீட்டுக்காரர் போலீஸ், பாதி நாள் ராத்திரி டூட்டி. எல்லாவற்றையும் ரசித்துவிட்டு, தோட்டத்துக் கதவைத் தடவிப் பார்த்தார். கொண்டி, தாழ்ப்பாள் எதுவும் இல்லாமல் எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, தனக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார்.

உள்ளும் வெளியும் பற்றிய என் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தேன். இடுப்பிலிருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “வேண்டாம்க்கா. எனக்கே ராத்திரி பயமா இருக்கு” என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. விசில், போலீஸ் நம்பர், தினமும் டிரம்மை இழுப்பது, ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். ஒரு வேலை கைவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை மடிக்கு மாற்றினார். “படுக்கிற ரூம்ல அரிசி டிரம்மைப் பாத்தப்பவே நெனச்சேன். படிச்சவுக ஏதாச்சும் காரணமாத்தான் வச்சிருப்பீகன்னு கேக்கல. எனக்கு ரெண்டு தாழ்ப்பாளா வரைஞ்சிருங்க.”

இன்றைக்குச் சாயங்காலம் ஆசாரி வந்து, கடையில் இருந்ததிலேயே தடியான இரும்புத் தாழ்ப்பாளை மாட்டிவிட்டுப் போனார். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமே கூடாது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவள், எது உள், எது வெளி என்று எனக்கும் பாப்பாவுக்கும் நன்றாக விளங்கும்படி தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.