திண்டிவனத்து மேடையில் ஒரு நர்ஸ்

சிங்கப்பூரில் அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கூசாமல் பாடிய நான், திண்டிவனத்துத் திருவிழா மேடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் இசைக்குழு வைத்திருந்தோம். இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், பாடுவதற்கு நான். பாட்டெல்லாம் நாங்களே கட்டியது. எங்கள் ஊரான விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக்கூட எங்களைக் கூப்பிட ஆளில்லை. "சினிமா பாட்டு பாடுவீங்களா?" என்பார்கள். இல்லை என்றதும் வேறு குழுவைத் தேடிப் போய்விடுவார்கள். கிதார்காரர் ஒருவரின் மாமா எங்கள் கேசட்டைச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போய் அங்கே யாருக்கோ போட்டுக்காட்டினார். கூப்பிட்டார்கள். போனோம், எட்டு மாதம் பாடினோம். அந்த ஊர்ப் பத்திரிகையில் படம்கூட வந்தது.

அம்மாதான் மாட்டிக்கொண்டாள். மூன்று ஆண்களோடு மகள் பாடப் போயிருக்கிறாள் என்று தெருவில் எப்படிச் சொல்வாள்? நர்ஸ் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தாள். நான் திரும்பிய மறுநாளே எதிர்வீட்டுப் பெரியம்மா ஊசிமருந்தோடு வந்து நின்றார். நான் மழுப்பினேன். "லீவுல வந்துக்கினு ஒரு ஊசி போட மாட்டேங்கற" என்று கோபித்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உண்மை தெரிஞ்சா இந்தத் தெருவுல நான் தலைகாட்ட முடியாதுடி."

அந்த மாமா கொண்டுவந்து காட்டிய பத்திரிகைப் படத்தைப் பார்த்துத்தான் திண்டிவனத்தார் திருவிழாவில் பாடக் கூப்பிட்டார்கள். நம் பக்கத்தில் கிடைத்த முதல் மேடை. விழுப்புரம் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒப்புக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல! எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குச் சம்பந்தம் திண்டிவனத்தில்தான். திருவிழா என்றால் பெண்ணைக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். அம்மா மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். திரையை விலக்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் எதிர்வீட்டுப் பெரியம்மா மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி எங்கள் தெரு.

ஓடிவிடலாமா என்றேன்.

"ஜல்தி வா, பேஜாரு பண்ணாத" என்று டிரம்ஸ்காரர் மைக்கை என் கையில் திணித்தார்.

முதல் பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டே பாடினேன். முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. நம் ஊர்க் கச்சேரிகளில் வேண்டிய பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது வழக்கம். பெரியம்மா சொல்லச் சொல்ல அவர் மகள் ஒரு சீட்டு எழுதினாள். கைமாறிக் கைமாறி அது என்னிடம் வந்தது. அம்மாவின் மானம் இதோடு போயிற்று என்று நினைத்தேன். சீட்டைப் பிரித்தேன்.

'நர்சம்மா, இப்ப பாடினியே, அதையே இன்னொரு வாட்டி பாடு. ஒங்கம்மா கடைசியில நிக்கிது. அதுக்குச் சரியா கேட்டிருக்காது.'

நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், டியூப்லைட் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. என்னைவிட அதிகமாக அவள்தான் பயந்துபோயிருந்தாள்.

அதே பாட்டை மறுபடி எடுத்தேன்.