நிலவில் சத்தம் இல்லை

அறுபதுகளில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மாடியறை ஒன்றில் நண்பர்கள் சேர்ந்து விண்வெளி நாடகங்களை ஒலிப்பதிவு செய்து வானொலிக்குக் கொடுத்துவந்தோம். எழுதுவது நான். ஒலி எழுப்புவது தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். எந்தப் பொருளைக் கண்டாலும் விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிஸ்கட் டின்னுக்குள் சங்கிலியை உருட்டி ராக்கெட்டையே கிளப்பிவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அதனால், நிலவில் கால் வைக்கும் காட்சிக்கு அவருக்கு வேலையே இல்லாதபடி இரண்டு பக்கம் வசனமாக எழுதினேன். படித்துவிட்டு, "அண்ணே, நிலாவுல காத்தே இல்லையே. இங்க யாரும் பேச வேணாம், நானும் சத்தம் போடல. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க லா" என்றார். குழுவே அவர் பக்கம் நின்றது.

ஒலிபரப்பான மறுநாள், கோப்பிக்கடையில் அந்த அமைதியைப் பற்றித்தான் பேச்சு.

"உடம்பே சிலிர்த்துடுச்சு. யாரு யோசனை அது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"என்னோடதுதான்" என்றேன். பின்மேசையில் எங்கள் ஒலிக்காரர் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"ஆமா, அண்ணன் நல்லா யோசிப்பாரு" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் துளி கேலி இருந்திருந்தால், அன்றே அவரை மன்னித்திருப்பேன்.