அந்தக் கரையில் சிவகுரு

இந்தப் பட்டணத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் வேலி இல்லை. வந்த புதிதில் எனக்கு அது பெரிய புதினம். அகதிகளாக வந்த எங்களை வைத்திருக்கிற ஹைம் என்ற கட்டடத்தின் குசினி யன்னலில் நின்றால், பக்கத்து வீட்டு ஜேர்மன்காரக் கிழவி காயப்போட்ட உடுப்பெல்லாம் தெரியும். ஆனால் ஊர் நடுவே ஓடுகிற ரைன் ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. இந்த முனையில் ஜேர்மன் சுங்கக்காரர், அந்த முனையில் சுவிஸ் சுங்கக்காரர். அந்தக் கிழவி தன் நாயோடு பாலம் தாண்டிப் போய் உலாவிவிட்டு வருகிறாள். நாய்க்குக்கூடத் தடை இல்லை. எனக்கு இருக்கிறது. இந்த மாவட்டத்தைத் தாண்டினால் பொலிஸ் பிடிக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு யாழ்ப்பாணத் தீவில் உள்ள என் ஊரான சரவணையை விட்டு வெளிக்கிட்டவன். தெற்கே காலிப் பட்டணத்தில் இன்னொருவரின் கடையில் சாக்குத் தூக்கி, பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தபோதும் நான் அழவில்லை, இன்னொன்று போடலாம் என்றுதான் இருந்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஜேர்மனி வேலை செய்ய அனுமதி தரவில்லை. என் கடைச் சிப்பந்திகளுக்குச் சோறு போட்ட நான் இங்கே வரிசையில் நின்று ரின்னில் அடைத்த மீன் பார்சல் வாங்குகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுவிஸ். அங்கே வந்த அகதிகளுக்கு மூன்று மாதத்தில் ஹோட்டல் குசினிகளில் வேலை கொடுத்துவிடுகிறார்கள். அவர்களின் தெருவில்தான் ஸ்னோ முதலில் வழிக்கப்படும். விளக்கும் முதலில் எரிவது அங்கேதான். நான் பார்த்துச் சொல்கிறேன், சும்மா சொல்லவில்லை.

அந்தக் கரையில் வேறு யாராவது இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பற்றியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் நின்றபோது, எதிர்ப்பக்கம் ஹோட்டலின் பின்கதவால் வெள்ளை ஏப்ரனோடு ஒருவர் வந்தார். சரவணையில் என் வீட்டுக்கு மேற்கே, பக்கத்து வளவுக்காரர் சிவகுருவேதான். அந்த இடத்தில் ஆறு ஒடுங்கிப் போகும். சத்தம் போட்டால் கேட்கும்.

"அண்ணை, அங்கை இன்னும் பார்சல் சாப்பாடுதானோ?"

"இஞ்சை என்ன குறை? சனிக்கிழமையில உம்மட சுவிஸ்காரரெல்லாம் பையோடை இஞ்சைதான் இறைச்சி வாங்க வருகினம், பார்க்கேல்லையோ?"

"ஓம் அண்ணை, வருகினம். அவையளிட்டைக் காசு இருக்கு."



எங்கள் பக்கத்தில் வேலி என்றால் அதில் ஒரு பொட்டு இருக்கும். வேலியின் ஓலைக் கிடுகை விலக்கி, ஆள் குனிந்து போய்வருகிற வழி. கறி போவதும் பெண்களின் கதை போவதும் அதால்தான். இரண்டு வீட்டாருக்கும் கோபம் வந்தால் முதலில் அடைபடுவது அது. எனக்கு முந்தித் தண்ணீர் இறைப்பு மெஷின் வாங்கிய சிவகுரு, அந்தச் சத்தம் என் காதில் விழவேண்டும் என்றே அதை வேலியோரம் பூட்டினார். அடுத்த நாளே நான் அரம்போலப் பல்லுள்ள பனங்கருக்குமட்டை கட்டிப் பொட்டை அடைத்தேன். செய்தது சரி. இப்போதும் அதையே சொல்வேன்.

அந்த மனிதர்தான் மாரி முடிய ஒருநாள் ஆற்றுக்கு மேலாலே என் மகளைக் கேட்டார். அவரின் மகன் குமரனும் சுவிஸில்தான் வேலை. என் மகள் பவானி தாயோடு சரவணையில் இருந்தாள்.

"அண்ணை, பவானியை எங்கட குமரனுக்குச் செய்தால் என்ன?"

"உதென்ன பழக்கம்? சம்பந்தம் ஆத்துக்கு மேலாலையோ பேசுறது?"

"வேற எப்பிடிப் பேசுறது அண்ணை? நான் வரவும் ஏலாது, நீங்கள் வரவும் ஏலாது."

என் மகளுக்கு ஜேர்மனி மாப்பிள்ளைதான் என்று சபதம் எடுத்தேன். ஹைமில் இருந்த பொடியன்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் பகல் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தார்கள், என்னைப் போலவே. அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் சிவகுருவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மகளைக் கொடுத்தால் சுவிஸ்தான் திறம் என்று நானே ஒப்புக்கொண்டதாகப் போய்விடும்.

அந்த நேரம் என் மனைவி யாழ்ப்பாணம் பட்டணத்துக்குப் போய் அங்கிருந்து தொலைபேசியில் கதைத்தாள். நான் ஜேர்மனியின் பெருமையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பெரிய நாடு, பெரிய பெரிய றோட்டுகள், சாமான் மலிவு. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நான் பொட்டைத் திறந்திட்டன். அவையள் பலகாரத்தோடை வந்திட்டும் போட்டினம்."

ஊரில் பொட்டுத் திறந்தால் பிறகு ஆம்பிளைகள் பேச ஒன்றும் இல்லை. நான் கட்டிய கருக்குமட்டையை அவள் எப்படி அவிழ்த்தாளோ, கையைக் கீறியிருக்கும்.

பவானி சுவிஸுக்கு வந்து சேர்ந்தாள். கலியாணம் அங்கேயே நடந்தது. எனக்குப் பாலம் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் மாலையோடு ஆற்றோரம் வந்து, அந்தப் பக்கத்துப் புல்லில் விழுந்து கும்பிட்டார்கள். நான் இந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கினேன். அடுத்த வருடம் சண்டையில் சரவணையே இடம்பெயர்ந்தது. வேலியும் இல்லை, பொட்டும் இல்லை என்கிறார்கள். என் மனைவியும் சிவகுருவின் மனைவியும் இப்போது சுன்னாகத்தில் ஒரே வீட்டில், ஒரே குசினியில் சமைக்கிறார்கள்.

இப்போது ஹைமில் யாராவது சுவிஸைக் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கட சுவிஸ் என்று வாயில் வந்துவிடுகிறது. நாய்க்காரக் கிழவி ஒருநாள், உன்னுடைய நாடு எது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜேர்மன் அவ்வளவுக்குக் காணாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நான் களவாக ஓடப் பார்க்கிறேன் என்று நினைத்தாளாக்கும், பொலிஸ் பிடிக்கும் என்று விரலை ஆட்டி எச்சரித்தாள்.

ஞாயிறு தவறாமல் அவர்கள் ஆற்றோரம் வருகிறார்கள். பேரனைச் சிவகுருதான் தூக்கிக்கொண்டு வருவார், பவானியைத் தூக்க விடமாட்டார். "மூக்கைப் பாருங்கோ அண்ணை, என்ரை மூக்கு," என்று கத்துவார். இந்தத் தூரத்தில் மூக்கா தெரியும்? இறைப்பு மெஷின் பூட்டியவர் அல்லவா. போன ஞாயிறு அந்தப் பிள்ளை தான் கடித்துக்கொண்டிருந்த அப்பிள் பழத்தை எனக்குத் தர என்று ஆற்றுக்கு மேலாலே நீட்டினான். நானும் இந்தக் கரையில் நின்று, வாங்குகிறவன் போலக் கையை நீட்டினேன்.